கைக்கூலி: லஞ்சமா, சீதனமா, வேறொன்றா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். மட்டக்களப்பு டவுனில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு என்று வருவதைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பதுதான் தொழில். இப்போது கையில் இருப்பது ஒரு காதி நீதிமன்றக் கட்டளை (முஸ்லிம்களின் விவாக, விவாகரத்து வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றம் அது). விவாகரத்து முடிந்த ஒரு பெண் அதை வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றுக்குக் கொடுக்க வேண்டுமாம். ஊர், பெயர் எதுவும் இங்கே சொல்லமாட்டேன், கேட்கவும் வேண்டாம்.

அதில் எதிர்மனுதாரர் வாங்கிய "கைக்கூலி"யை மனுதாரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. அகராதியைப் புரட்டினால் லஞ்சம் என்கிறது. அப்படியே எழுதினால் தூதரகத்தில் இருப்பவர் இது ஏதோ ஊழல் வழக்கு என்றுதான் நினைப்பார். சீதனம் என்று போடலாம் என்றால், அதே கட்டளையில் நாலு வரி கீழே சீதன வீட்டைப் பற்றித் தனியாகப் பேசுகிறார்கள். ஆக இரண்டும் ஒன்றில்லை என்று காதியாருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காதி நீதிமன்ற ஆவணம் எனக்குப் பழக்கமில்லாத சரக்கு.

கல்லடிப் பாலம்

கைக்கூலி என்றால் ஆள்காட்டி, காசுக்கு வேலை செய்கிறவன். "ஏகாதிபத்தியத்தின் கைக்கூலிகள்" என்று மேடையில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒரு காலத்தில் இந்தச் சொல்லைச் சுவரொட்டியில் கண்டாலே எங்கள் பக்கத்தில் வயிறு கலங்கும். கலியாணத்துக்குள் இது எப்படி வந்தது?

நிந்தவூர் மண்

கல்லடி அண்ணன், உங்கள் பக்கத்தில் அது அரசியல் சொல். எங்கள் பக்கத்தில் அது கலியாணச் சொல், அதுவும் பழையது. மாப்பிள்ளை கேட்டு வரும்போது மூத்தவர்கள் மூன்றைத் தனித்தனியாகப் பேசுவார்கள். வீடு வளவு என்ன, வயல் எத்தனை ஏக்கர், கைக்கூலி எவ்வளவு. முதல் இரண்டும் சீதனம். கைக்கூலி என்பது மாப்பிள்ளையின் கையில் கொடுக்கிற ரொக்கம். இப்போதைய பிள்ளைகள் எல்லாவற்றையும் சேர்த்துச் சீதனம் என்றுவிடுகிறார்கள். என் மூத்தம்மா காலத்தில் அப்படிக் குழப்பமாட்டார்கள்.

நல்லூர்க்காரி

அதுதான் எங்களிடம் "டொனேசன்" ஆகிவிட்டது! சீதனம் பெட்டைக்கு, டொனேசன் மாப்பிள்ளை வீட்டுக்கு. பல இடத்தில் அந்தக் காசு மாப்பிள்ளையின் தங்கச்சிக்குச் சீதனமாகப் போய்விடும். ஒரு பொது அறிவுக்குக் கேட்கிறேன், கைக்கூலியும் இதுவும் ஒன்றுதானே?

சட்டப்பிச்சை (அக்கரைப்பற்று)

ஒன்றில்லை. வாவிக்கரையின் கேள்விக்கு விடையே அந்த இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1954இல். அதன் ஆங்கில மூலத்தை எடுத்துப் பாருங்கள். மஹர் (மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மணக்கொடை), தலாக், ஃபஸஹ், குலா, இத்தா, வலி என்று அறபுச் சொற்கள் ஆங்கில எழுத்தில் நிறைய இருக்கும். அவற்றின் நடுவே ஒரு தமிழ்ச் சொல்லும் அப்படியே ஆங்கில எழுத்தில் நிற்கும். அதுதான் கைக்கூலி. சட்டம் எழுதியவர்கள் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தேடிப்பிடிக்கவில்லை. விளக்கப் பிரிவில் அதற்கு வரைவிலக்கணம் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள்.

வரைவிலக்கணத்தின் சாரம் இது. கலியாணத்துக்கு முன்போ கலியாண நேரத்திலோ, பெண்ணின் உறவினரோ வேறு எவரோ, மணமகளின் பாவனைக்காக மணமகனிடம் கொடுத்த அல்லது கொடுப்பதாக வாக்களித்த பணம், அல்லது வேறு அசையும் பொருள்.

"மணமகளின் பாவனைக்காக" என்ற துண்டை இரண்டு தரம் வாசியுங்கள். பணம் போவது மாப்பிள்ளையின் கைக்கு. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது மாப்பிள்ளைக்குக் கொடுத்த பணமே இல்லை. பெண்ணுடைய பணம், அவன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மனைவி அதைத் திருப்பிக் கேட்டுக் காதியாரிடம் போகலாம். நல்லூர் அக்கா சொல்கிற டொனேசன் மாப்பிள்ளை வீட்டாருக்கே கொடுப்பது. கொடுத்தால் கொடுத்ததுதான்.

பாலமுனைக் காற்று

சேர், நீங்கள் சொல்வது சட்டப் புத்தகத்தில் சரி. நடைமுறையில் யாராவது "இது உங்கள் மகளின் காசு, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று சொல்லியா வாங்குகிறார்கள்? கைக்கூலி என்றால் மாப்பிள்ளைக் காசு. கடை போடக் கொடுக்கிறார்கள், வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டக் கொடுக்கிறார்கள். அதை எடுத்துக் கடை போட்டு, அந்தக் கடையில் அவளுக்கும் பிள்ளைக்கும் சோறு போட்ட பிறகு, பத்து வருசம் கழித்து திருப்பித் தா என்றால் என்ன நியாயம்?

உம்மாவின் மகள் (காத்தான்குடி)

தம்பி, கடை போட்டது அவளின் காசில். சோறு போட்டதும் அவளின் காசில். மனைவிக்குச் செலவு கொடுப்பது புருசனின் கடமை. அதை அவளுடைய காசிலிருந்தே கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்றால் எப்படி?

சேர் சொன்னது பெரிய விசயம், ஆனால் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பெண்களுக்கு இது தெரியாது. காதி நீதிமன்றத்துக்குப் போகிறவள் பிள்ளைச் செலவைக் கேட்பாள், மஹர் பாக்கியைக் கேட்பாள். கைக்கூலியைக் கேட்கலாம் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. காதியாக நியமிக்கப்படுவது ஆண்கள்தான். காதிகள் சபையில் இருப்பதும் ஆண்கள்தான். அவளுக்காகச் சட்டத்தரணி அங்கே வந்து பேச முடியாது. வாப்பாவோ காக்காவோ (அண்ணன்) கூட வந்தால் அவர்கள் "விடு மகள், மானம் போகும்" என்பார்கள்.

சட்டப்பிச்சை

ராத்தா சொன்ன நடைமுறை விசயங்கள் மூன்றும் சரி. சட்டப்படி ஆண் முஸ்லிம்களைத்தான் நியமிக்கலாம், நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு 2018இல் அறிக்கை கொடுத்தபோது பெரிதாக அடிபட்ட விசயங்களில் அதுவும் ஒன்று. அந்த விவாதத்தை இங்கே திறந்தால் கைக்கூலி காணாமல் போய்விடும். அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

பாலமுனைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. "மாப்பிள்ளைக் காசு" என்பது நம் வாய் வழக்கம். காதியார் அந்த வழக்கத்தை வைத்துத் தீர்க்க முடியாது, வரைவிலக்கணத்தை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். உங்கள் கடைக் கதையில் மாப்பிள்ளை பக்கம் எடுக்கக்கூடிய ஒரே வாதம், "இது அவளின் பாவனைக்காகத் தரப்பட்டதல்ல, எனக்கே அன்பளிப்பாகத் தரப்பட்டது" என்பது. அப்படி வாதாடலாம். சாட்சிகள் வேறு மாதிரிச் சொன்னால் அது நிற்காது.

மின்பர் (சம்மாந்துறை)

அஸ்ஸலாமு அலைக்கும். மார்க்கப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த இழையை வாசிக்கிறவர் கைக்கூலி ஷரீஅத்தில் உள்ளது என்று நினைத்துவிடக் கூடாது.

நிக்காஹ்வில் கொடுக்கும் கடமை ஆணுக்கு. "பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுங்கள்" என்பது குர்ஆனில் சூரா அந்நிஸாவின் 4ஆம் வசனத்தின் கருத்து. அதே சூராவின் 20ஆம் வசனம், ஒருத்திக்குப் பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கைக்கூலி நம் ஊர் வழக்கம். ஷாஃபிஈ ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் தேடினாலும் அந்தப் பெயரில் ஒரு பாடம் கிடைக்காது.

ஆனால் ஏற்கனவே கைமாறிவிட்ட பணத்தை என்ன செய்வது? அங்கே சட்டப்பிச்சை அவர்கள் சொன்ன கருத்து நம் ஃபிக்ஹுக்கு அந்நியமில்லை. அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். அமானிதத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டும். குத்பாவில் (ஜும்ஆப் பிரசங்கத்தில்) இதைத்தான் சொல்கிறேன். கைக்கூலி வாங்காதே என்று மட்டும் சொன்னால், வாங்கிவிட்டவன் தலையைக் குனிந்துகொண்டு எழும்பிப் போகிறான். "வாங்கியது உன்னுடையதல்ல" என்றால் ஒரு நிமிசம் யோசிக்கிறான்.

காயல் தம்பி

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கங்களிலும் கைக்கூலி என்ற சொல் உண்டு, பயானில் நிறையக் கேட்கலாம். ஆனால் எங்களுக்கு அது வரதட்சணைக்கு இன்னொரு பெயர். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் இருப்பதால் அது வாங்கினாலே குற்றம். உங்கள் நாட்டில் அதே சொல் சட்டப் புத்தகத்திலேயே ஏறி உட்கார்ந்திருப்பது ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு தீமைக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது மாதிரி ஆகாதா?

நிந்தவூர் மண்

இங்கே அப்படியொரு தடைச் சட்டம் இல்லை, தம்பி.

உம்மாவின் மகள்

காயல் தம்பி கேட்டது நல்ல கேள்வி, நானும் அதைப் பற்றி யோசித்திருக்கிறேன். தடை போட்டால் கொடுத்தவரும் குற்றவாளி ஆவார். பிறகு பெண் எந்த முகத்தோடு போய்த் திருப்பிக் கேட்பாள்? கொடுத்ததை ஒளிக்கத்தான் பார்ப்பார்கள். எங்கள் சட்டம் அதை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. கொடுத்திருந்தால் அது அவளுடையது என்கிறது. எனக்கு அது போதும். தடை வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் திருப்பிக் கேட்கிற உரிமையை எடுத்துவிட்டுத் தடை போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மட்டுறுத்துனர்

ஒரு குறிப்பு. ஒருவர் தன் ஊர்க் காதியாரின் பெயரைப் போட்டு எழுதிய பதிவை நீக்கியிருக்கிறேன். சொந்த வழக்கு விபரம், பெயர், ஊர் வேண்டாம். சொல்லைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் பேசுங்கள்.

கல்லடிப் பாலம்

சரி, சொல்லைப் பற்றியே கேட்கிறேன். வீடு? கிழக்கில் சீதனம் என்றால் முதலில் வீடுதானே. தமிழரோ முஸ்லிமோ, இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். குடி (குல) வழியும் தாய் வழி. மூத்த பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்பக்கம் ஒரு அறைக்கு ஒதுங்குவதும், அண்ணன் தம்பி கட்டாரில் கிடந்து தங்கச்சிக்கு வீடு கட்டுவதும் ஆரையம்பதியிலும் ஒன்று, காத்தான்குடியிலும் ஒன்று. அந்த வீடு கைக்கூலிக்குள் வராதா?

சட்டப்பிச்சை

வராது. வரைவிலக்கணத்தில் இருப்பது பணமும் அசையும் பொருளும்தான். வீடு, வளவு, வயல் மூன்றும் அசையாச் சொத்து. மாப்பிள்ளை பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்திருந்தால், பிறகு அதை மீட்கக் காதியாரிடம் போய்ப் பயனில்லை. மாவட்ட நீதிமன்றம்தான் வழி. அது நீண்ட வழி, செலவான வழி.

அதனால்தான் உறுதி யார் பெயரில் என்பது கிழக்கில் உயிர்ப் பிரச்சினை. பழைய முறைப்படி வீட்டு உறுதி பெண்ணின் பெயரில்தான் எழுதப்படும். மகள் பெயருக்கே நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி முடித்துவிட்டால் அதற்குக் கைக்கூலிச் சட்டமே தேவையில்லை, அது அவளுடைய சொத்து. "இரண்டு பேர் பெயரிலும் போடுங்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கடலோரம் (கல்முனை)

2004 சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் யாராவது சொல்ல வேண்டும். கரையோரத்தில் போன வீடுகளில் கனக்க வீடுகள் பெண்ணின் சீதன வீடு. புது வீடு கொடுக்கும்போது "குடும்பத் தலைவர்" என்று படிவத்தில் ஒரு கட்டம். அதில் புருசனின் பெயர். பிறகு பத்திரமும் புருசனின் பெயரில் வந்தது. தாய் வழியாக வந்த சொத்து ஒரு படிவத்தில் கைமாறிய இடங்கள் உண்டு. கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, இந்த ஊர் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த நம் ஆட்கள் பக்கத்தில்தான் நின்றார்கள். கைக்கூலிக்கு இது நேரடித் தொடர்பில்லை என்று தெரியும். ஆனாலும் வீடு என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாவிக்கரை

கடலோரம் சொன்னது தொடர்பில்லாததில்லை. என் கையில் இருக்கும் கட்டளையில் வீட்டைப் பற்றிய வரியும் கிட்டத்தட்ட இதே பிரச்சினைதான்: அந்த வீட்டைப் பற்றித் தீர்மானிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று காதியார் எழுதியிருக்கிறார். அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இன்னொரு கேள்வி. நான் தமிழன், இந்து. எங்கள் பெண்ணுக்கு இப்படியொரு ஏற்பாடு உண்டா? மாப்பிள்ளை கையில் கொடுத்த காசை அவள் எங்கே போய்க் கேட்பாள்?

சட்டப்பிச்சை

மட்டக்களப்புத் தமிழருக்கு இன்று தனிச் சட்டம் இல்லை. தேசவழமை யாழ்ப்பாணத்துக்கு உரியது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தது, சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று பிரித்துச் சொல்வது. அது இங்கே செல்லாது. இங்கே இருந்தது முக்குவர் சட்டம். முதுசச் சொத்து தாய்வழியில் இறங்கும் முறை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு அது நீதிமன்றத்தில் வழக்கொழிந்துவிட்டது. கோயில் திருவிழாவிலும் குடி மரியாதையிலும் அதன் வாசனை இன்னும் இருக்கிறது. வழக்குக்கு அது உதவாது.

ஆக உங்கள் பெண் பொதுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பணம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை அவள்தான் நிரூபிக்க வேண்டும். "இது அவளுடைய காசு" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிற ஒரு சொல் அவளுக்கு இல்லை. அந்த ஒரு விசயத்தில் எங்கள் 1951 சட்டம் பரவாயில்லை. மற்ற விசயங்களுக்கு அதை எத்தனை திட்டினாலும் தகும்.

நல்லூர்க்காரி

தேசவழமையில் சீதனம் பெண்ணின் தனிச் சொத்து என்று எழுதியே இருக்கிறது. ஆனால் டொனேசனுக்கு அங்கே பெயரே இல்லை. சேர் சொல்லும்போதுதான் யோசிக்கிறேன், காசு எப்போதும் சட்டத்தில் பெயரில்லாத பக்கமாகத்தான் ஓடுகிறது.

பாலமுனைக் காற்று

இந்த இழையைக் காட்டினால் ஊரில் ஒருத்தனும் கலியாணம் கட்டமாட்டான் போலிருக்கிறது. 🙂

சரி, உண்மையாகவே கேட்கிறேன். எனக்கு வீட்டில் பெண் பார்க்கிறார்கள். கைக்கூலி வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன், நம்பினால் நம்புங்கள். ஆனால் பெண்ணின் காக்கா ஒரு மோட்டார் சைக்கிள் தருவேன் என்று நிற்கிறார். அது கைக்கூலியா?

உம்மாவின் மகள்

மோட்டார் சைக்கிள் அசையுமா அசையாதா, தம்பி? அசையும் என்றால் நீங்களே விடை கண்டுபிடியுங்கள்!

சட்டப்பிச்சை

ராத்தா சிரிக்க வைக்கிறார். ஆனால் அசைவது மட்டும் போதாது. மூன்றையும் பார்க்க வேண்டும். அசையும் பொருளா? ஓம். கலியாணத்துக்கு முன்போ கலியாண நேரத்திலோ கொடுத்ததா? காக்கா எப்போது தருகிறார் என்பதைப் பொறுத்தது. கலியாணம் முடிந்து ஆறு மாதத்தில் பெருநாளுக்கு வாங்கிக் கொடுத்தால் அது வரைவிலக்கணத்துக்கு வெளியே. மூன்றாவது, மணமகளின் பாவனைக்காகவா? இங்கேதான் இழுபறி. அவள் பெயரில் பதிந்து, அவளை வேலைக்கு ஏற்றி இறக்க என்று கொடுத்தால் ஒரு கதை. உங்கள் பெயரில் பதிந்து "மச்சானுக்கு என் அன்பளிப்பு" என்றால் இன்னொரு கதை.

நகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி குழப்புகிறார்கள். மணமகளுக்குப் போட்ட நகை கைக்கூலி அல்ல. அது மாப்பிள்ளையிடம் கொடுத்தது அல்ல, முதலிலிருந்தே அவளுடையது. அதை அடகு வைத்துவிட்டான் என்பது வேறு முறைப்பாடு.

வாக்களித்த பணம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் வரைவிலக்கணத்தில் அதுவும் இருக்கிறது. கொடுத்தது மட்டுமல்ல, கொடுப்பதாகச் சொன்னதும் கைக்கூலிதான்.

நிந்தவூர் மண்

எழுத்தில் வைப்பது பற்றி ஒன்று. காவின் (கலியாணப் பதிவு) எழுதும்போது மஹரை எழுதுகிறோம். சில இடத்தில் அந்த மஹர் நூற்றியொரு ரூபாய். அதைச் சபையில் சத்தமாக வாசித்துச் சாட்சி வைக்கிறோம். அதே கலியாணத்தில் இலட்சக்கணக்கில் கைமாறும் கைக்கூலியை முதல் நாள் இரவு ஒரு பையில் போட்டு, முன் விறாந்தையில் நாலு பேர் எண்ணிக் கொடுக்கிறார்கள். எழுத்தில்லை. சின்னக் காசுக்குச் சபையும் சாட்சியும், பெரிய காசுக்குப் பையும் விறாந்தையும். பிரச்சினை வந்தால் அந்த நாலு பேரில் இரண்டு பேர் மௌத்தாகியிருப்பார்கள், மூன்றாமவர் மாப்பிள்ளைக்குச் சாச்சா.

மின்பர்

நிந்தவூர் காக்கா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள் என்று பகராவின் 282ஆம் வசனத்தில் இருக்கிறது, குர்ஆனில் ஆக நீளமான வசனமே அதுதான். கலியாணக் காசை எழுதச் சொன்னால் மட்டும் "நம்பிக்கை இல்லையா?" என்று கோபிக்கிறார்கள். வாங்காமல் இருப்பதுதான் என் முதல் சொல். வாங்கத்தான் போகிறார்கள் என்றால் எழுதட்டும்: யார், யாரிடம், எவ்வளவு, எதற்காக, எந்தத் தேதி.

சட்டப்பிச்சை

அதில் "மணமகளின் பாவனைக்காக" என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், ஹஸ்ரத். பிறகு காதியார் முன்னால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

வாவிக்கரை

நான் முடிவு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கைக்கூலியை ஆங்கில எழுத்தில் அப்படியே வைக்கிறேன். சட்டத்தின் ஆங்கில மூலமே அப்படித்தான் வைத்திருக்கிறது என்றால் நான் யார் மாற்ற? அடிக்குறிப்பில் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் விளக்கப் பிரிவைப் பார்க்கவும் என்று போட்டு, வரைவிலக்கணத்தின் சாரத்தையும் ஒரு வரியில் சேர்க்கிறேன். சீதனத்துக்கு வழக்கமான ஆங்கிலச் சொல்லே போதும், அது வீட்டைப் பற்றிய வரியில் மட்டும் வருகிறது.

ஒரு சின்ன ஐயம். அடிக்குறிப்பில் "மணமகனுக்குக் கொடுத்தது" என்பதா, "மணமகனிடம் கொடுத்தது" என்பதா? தமிழில் எனக்கு இரண்டும் வேறாகக் கேட்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு வருமா தெரியவில்லை.

சட்டப்பிச்சை

தமிழில் "இடம்" போடுங்கள், "கு" வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த வேறுபாட்டை உருபு காட்டாது, "மணமகளின் பாவனைக்காக" என்பதை விடாமல் மொழிபெயர்த்தால் அது காட்டிவிடும். அந்தத் துண்டை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். தூதரகத்தில் வாசிப்பவருக்கு அது ஒன்றுதான் முக்கியம்: அந்தப் பெண் கேட்டது புருசனின் காசை அல்ல.

கல்லடிப் பாலம்

வாவிக்கரை, கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்து வாங்கும். பாதி வேலையை அக்கரைப்பற்றார் செய்துவிட்டார்.

புதிய உறுப்பினர் 417

பழைய இழை என்று தெரியும், தேடியதில் வந்தது. என் தங்கச்சியின் கலியாணத்துக்கு முந்திய மாதம் நான் சவூதியிலிருந்து மச்சானின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகக் காசு போட்டேன். வாப்பா கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். எழுத்து ஒன்றும் இல்லை. இப்போது பிரச்சினை. இதைக் கேட்கலாமா?

சட்டப்பிச்சை

கொடுத்தவர் வாப்பாவாக இருக்க வேண்டியதில்லை, உறவினரோ வேறு எவரோ கொடுக்கலாம். கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் தங்கச்சி. பணம் அனுப்பிய பற்றுச்சீட்டும், உங்கள் கணக்கின் அந்த மாதத்துக் கூற்றும் எடுத்து வையுங்கள். வங்கிகள் பழைய பதிவுகளை என்றைக்கும் வைத்திருப்பதில்லை, ஆகவே இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். அந்த நேரத்தில் மச்சானுக்கோ வாப்பாவுக்கோ காசு எதற்கு என்று நீங்கள் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு ஏதாவது இருந்தால் அழிக்க வேண்டாம். தங்கச்சி மனுவில் மஹர், பிள்ளைச் செலவோடு கைக்கூலியையும் தனி இலக்கமாகக் கேட்கட்டும். காதியார் கட்டளை போட்டும் அவர் கட்டாவிட்டால், அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி அபராதப்பணம் அறவிடுவது போல அறவிட வழி இருக்கிறது. போகும்போது ஆவணங்களில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், மூலத்தைக் கையில் வைத்திருக்கட்டும்.